கொலம்பஸ் ஓட்டியவன் டிக்கெட் எடுத்துப் போனபோது

தீம் பார்க்கில் வேலை பார்த்தவன் பிறகு டிக்கெட் எடுத்து அதே பார்க்குக்குள் போனால், ரைடை அண்ணாந்து பார்க்க மாட்டான். அவன் கண் முதலில் பேனல் அறைக்குத்தான் போகும். உள்ளே யார் இருக்கிறார்கள், கை எந்த பட்டன் பக்கம் இருக்கிறது, பார்வை சீட்டில் இருக்கிறதா செல்போனில் இருக்கிறதா என்று பார்ப்பான். கோடை விடுமுறையில் மனைவியோடும் மகளோடும் போனபோது எனக்கும் அதுதான் நடந்தது. சென்னைக்கு வெளியே இருக்கும் அந்தப் பார்க்கில்தான், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்த கையோடு ரைடு ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். “ஜாலியா இருக்க வந்தோமா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தோமா?” என்றாள் மனைவி. இரண்டுக்கும்தான் என்றேன்.

நம் ஊருக்கு ராட்டினம் புதிதல்ல. கோயில் திருவிழா, தீவுத்திடல் பொருட்காட்சி என்று ஊர் ஊராகப் போய்க் கழற்றி மாட்டியதுதான் இந்தத் தொழிலின் ஆரம்பம். ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் பார்க்குகள் பிறகு வந்தன. டெல்லியில் அப்பு கர் திறந்தது 1984-இல். அதே ஆண்டில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற 3டி படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான், பின்னர் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவை உருவாக்கினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் என்று பட்டியல் நீண்டது. ஸ்கூல் டூர் என்றால் இவற்றில் ஒன்றுக்குப் போகாத சென்னைப் பிள்ளை அபூர்வம்.

காலையில் கூட்டம் உள்ளே நுழையும்போது எங்கள் வேலையில் பாதி முடிந்திருக்கும். விடிந்ததும் ஃபிட்டர்கள் ரைடு ரைடாக ஏறி இறங்குவார்கள். பெரிய போல்ட் ஒவ்வொன்றிலும் நட்டின் மேலிருந்து தகடு வரைக்கும் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருக்கும். கோடு நேராக இருந்தால் நட் அசையவில்லை. நட்டில் ஒரு திசையும் தகட்டில் ஒரு திசையுமாகக் கோடு பிரிந்திருந்தால், அது தளர்ந்திருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன்கூடக் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் குனிந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு காலியாக ஒரு ஓட்டம், எடை வைத்து ஒரு ஓட்டம், கடைசியில் லாக் புத்தகத்தில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழாமல் பேனல் சாவியைத் தொடக் கூடாது. இந்த முறை வரிசையில் நின்றபோது நான் தேடியதும் அந்தப் பெயின்ட் கோட்டைத்தான். புதிதாகப் பூசியிருந்தார்கள். கோடு நேராகவே இருந்தது.

நான் ஓட்டியது கொலம்பஸ். பெரிய கப்பல், இரண்டு பக்கமும் தூண், நடுவில் அச்சு. கப்பலை ஆட்டுவது மேலே இருக்கும் அச்சு என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் பிளாட்பாரத்துக்கு அடியில் மோட்டாரால் சுழலும் டயர் ஒன்று இருக்கிறது. கப்பலின் அடிப்பாகம் அதை உரசிக் கடக்கும் அந்தச் சிறு நேரத்தில்தான் தள்ள முடியும். ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறவருக்கு எப்போது தள்ள வேண்டும் என்று கைக்கே தெரியுமே, அந்தத் தெரிதல்தான் கொலம்பஸ் ஓட்டுவது. நேரம் தப்பினால் டயர் கப்பலோடு மல்லுக்கு நிற்கும், ரப்பர் கருகும் நாற்றம் வரும். இறக்கும்போது அதே டயர்தான் பிரேக். புதிய ரைடுகளில் இந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. எங்கள் காலத்தில் கைதான்.

ஆனால் பேனலைவிட முக்கியமான பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் சீனியர். “கத்துறவனைப் பாக்காத தம்பி. கத்துறவன் நல்லா இருக்கான். சத்தம் இல்லாம உக்காந்திருக்கான் பாரு, அவனைப் பாரு.” கப்பலின் இரண்டு கோடிகளில் உட்காருகிறவர்கள்தான் அதிகம் உயருவார்கள், உச்சியில் உடம்பு சீட்டை விட்டுக் கிளம்புவது போலிருக்கும். கை தூக்கி ஊளையிடுகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, வெளுத்துப்போய் இருப்பார். அவருக்காக வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் நிறுத்தவும் வேண்டும். நிறுத்தினால் மற்ற எல்லோரும் நம்மைத்தான் திட்டுவார்கள்.

இன்று அந்த சீனியர் அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கிறார். தலை நரைத்திருக்கிறது, காதும் கொஞ்சம் மந்தம். ஒரே பாட்டை நாள் முழுக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று கேட்டவருக்கு வேறென்ன மிஞ்சும்? “என்னப்பா, கெஸ்டா வந்துட்ட!” என்று தோளில் தட்டினார். ஜெயன்ட் வீலுக்குக் கூட்டிப்போய்த் தான் பழக்கிய பையன் ஆள் ஏற்றுவதைக் காட்டினார். முதல் பெட்டியில் நால்வரை ஏற்றியவன், அடுத்த பெட்டியில் ஏற்றவில்லை. சக்கரத்தைப் பாதி சுற்றி, நேர் எதிர்ப் பெட்டியில் ஏற்றினான். ஒரு பக்கம் மட்டும் பாரம் சேர்ந்தால் மோட்டார் திணறும், இறங்குகிற பக்கம் சக்கரம் இழுத்துக்கொண்டு ஓடும். தராசு கிடையாது. வரிசையில் நிற்கிறவர்களைக் கண்ணாலேயே எடை போட்டுப் பிரிக்க வேண்டும். “எங்களை ஏன் முதல்ல ஏத்தல?” என்று சண்டை போடுகிறவர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ரோலர் கோஸ்டரில் எல்லோரும் பயப்படுவது மேலே ஏறும்போது கேட்கும் ‘டக் டக் டக்’ சத்தத்துக்கு. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி, அடியில் ஒரு கொக்கி பல் பல்லாக விழுந்துகொண்டே வரும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்கிறவரை நிம்மதியாக இருக்கலாம். தண்டவாளத்தை மேல், பக்கம், அடி என மூன்று பக்கமும் சக்கரங்கள் கவ்வியிருக்கும். அடிச்சக்கரத்துக்கு அமெரிக்காவின் ஜான் மில்லர் காப்புரிமை வாங்கியது 1919-இல். காலையில் மெதுவாகப் போகும் அதே வண்டி, பேரிங் சூடேறியதும் மத்தியானம் வேகமாகப் போகும். ஆப்பரேட்டருக்கு இந்த வித்தியாசம் சத்தத்திலேயே தெரியும்.

அந்த கோஸ்டரில் என் மகளை ஏற்றவில்லை. அளவுகோலுக்கு இரண்டு விரற்கடை குறைவு. ஆப்பரேட்டர் ஒடிசாவிலிருந்து வந்த பையன். “அண்ணா, பாப்பா ஹைட் இல்ல” என்றான், அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அப்பா, எக்கி நின்ற தன் மகனுக்காக, “காசு குடுத்துதானே வந்திருக்கோம், நான் பிடிச்சுக்கிறேன்” என்று மல்லுக்கட்டினார். அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்: இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பார் என்றால், அது பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடிக்கும் பாருக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியை எந்த அப்பாவின் கையாலும் அடைக்க முடியாது. ஆப்பரேட்டர் பையன் அசையவில்லை. என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

வேவ் பூலிலும் என் சீனியரின் பாடமே பாடம். ஆழமான பக்கச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறைகளில் காற்றை அழுத்தி விட்டால் அலை வரும். அலைக்கு முன் சைரன் ஊதும், கூட்டம் கூச்சலிடும். ஆனால் மூழ்குகிறவர் கூச்சலிடுவதில்லை. சினிமாவில் வருவது போல் கையாட்டிக் கூப்பிடுவதும் இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், மூச்சு வாங்கவே நேரம் போதாது. பத்து நொடிக்குள் தன் பகுதி முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும், ஆபத்தைக் கண்டால் இருபது நொடிக்குள் எட்டிவிட வேண்டும் என்பது லைஃப் கார்டு பயிற்சியில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சுடிதாரோடும் ஜீன்ஸோடும் இறங்கக் கூடாது என்பது வாடகை உடையில் காசு பார்க்க மட்டும் என்று நினைக்க வேண்டாம். பருத்தியும் டெனிமும் தண்ணீர் குடித்து ஆளைக் கீழே இழுக்கும், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும்.

ஆக, இந்தத் தொழிலின் கைத்திறன் என்பது பொத்தான் அமுக்குவது அல்ல. ஓயாத சத்தத்துக்கு நடுவில் கவனம் சிதறாமல் இருப்பது. வி.ஜி.பி.யில் அசையாமல் நின்று பேர் வாங்கிய சிலை மனிதரை எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ பேர் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றார்கள். பேனலுக்குப் பின்னால் இருப்பவரும் அதே அளவு அடக்கத்தோடுதான் நிற்கிறார். அவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

ஓய்வு இல்லாதவனுக்குக் கவனம் நிற்காது. நான் இருந்தபோது தீபாவளிக்கும் காணும் பொங்கலுக்கும் லீவு கேட்க முடியாது, அன்றுதான் கூட்டம். மாற்று ஆள் வராத நாளில் சாப்பாடு நாலு மணிக்கு. இன்றும் பாதிப் பேர் காண்டிராக்ட். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் புதிய ரைடு ஒன்றின் சோதனை ஓட்டத்தில் விபத்து நடந்தது. இறந்தவர் ஓர் ஊழியர், காயம்பட்டவர்களும் ஊழியர்கள். நீங்கள் ஏறுவதற்கு முன் ஏறிப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். 2025 மே மாதக் கடைசியில் இஞ்சம்பாக்கத்தில் ஒரு ரைடு உயரத்திலேயே நின்றுபோய், மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கினார்கள். இப்படி ஏதாவது நடந்தால்தான் ரைடுகளின் சான்றிதழைப் பற்றிப் பேசுகிறோம். அதை ஓட்டுகிறவருக்கு என்ன பயிற்சி, எத்தனை மணி நேர ஷிஃப்ட், எப்போது மாற்று ஆள் என்று யாரும் கேட்பதில்லை. இயந்திரத்துக்குச் சான்றிதழ் கேட்கும் அரசு, ஆப்பரேட்டருக்கும் கட்டாயப் பயிற்சியையும் வேலை நேர வரம்பையும் வைக்க வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகே லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும்.

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரை இழுத்துப் பார்க்க ஆப்பரேட்டர் வரும்போது செல்போனை உள்ளே வையுங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். பிள்ளையை எக்கி நிற்கச் சொல்லாதீர்கள். உங்களை ஏற்ற மாட்டேன் என்று சொல்கிற ஆப்பரேட்டரிடம் சண்டை போடாதீர்கள், அந்தப் பார்க்கில் உங்களுக்காக வேலை பார்க்கிறவர் அவர்தான்.