பந்து எங்கே?

ஆவடியில் நம் பங்கு இளைஞர்கள் ஆடிய மாலை நேரக் கால்பந்தாட்டம் அது. மேற்கு மூலையிலிருந்து எதிரணியினர் உதைத்த பந்து எல்லார் தலைக்கும் மேலாகப் பறந்துவந்து கோலாயிற்று. பின்னணியில் காவல் நின்ற பையன் அசையவேயில்லை. கோட்டருகே நின்றிருந்த நாம், "கண் தெரியவில்லையா?" என்று ஊரார் கேட்கக் கத்திவிட்டோம். அடுத்த வாரம் அவன் ஆட வரவில்லை.

ஆள் குறைந்தபடியால், ஐம்பதைக் கடந்த நம்மையே அவ்விடத்தில் நிறுத்தினார்கள். குருமட நாட்களில் முன்னணியில் மட்டுமே ஆடிய நமக்கு, பின்னணியின் துன்பம் அன்றுதான் விளங்கிற்று. பந்து வருவது ஒரு புறம். நாம் தடுக்க வேண்டியவனோ மறுபுறம், முதுகுக்குப் பின்னால் நழுவுகிறான். பந்தைப் பார்த்தால் ஆள் தப்புகிறான். ஆளைப் பார்த்தால் பந்து தப்புகிறது. மனிதக் கண் மிகக் கூர்மையாகக் காண்பது நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்தளவே. அதற்கப்பால் போகப்போக மங்கல்தான். போதாக்குறைக்கு, நடுவே ஆறேழு தலைகள். மேற்கே சாயும் வெயில். இரண்டு கோல்கள் நம்மைக் கடந்து சென்றன. இரண்டாவது பந்தை வலைக்குள்தான் கண்டோம்!

"நேராக நிற்காதீர்கள், ஃபாதர். பந்தும் ஆளும் ஒருசேரத் தெரியும்படி பாதி திரும்பி நில்லுங்கள். தலை ஓயாமல் திரும்பிக்கொண்டேயிருக்க வேண்டும்" என்று கற்பித்தான், நாம் புதுநன்மை கொடுத்த ஒருவன்.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நிகழ்ந்ததொன்று அன்றிரவு நினைவில் எழுந்தது. இந்தியாவின் பின்னணித் தூணான ஜர்னைல் சிங், தாய்லாந்துடன் ஆடுகையில் தலையில் அடிபட்டார், ஆறு தையல்கள். பயிற்சியாளர் ரஹீம் அவரை மீண்டும் இறக்கியபோது பின்னணியில் நிறுத்தவில்லை, முன்னணிக்கு அனுப்பினார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக அவரும் ஒரு கோல் அடிக்க, 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. தையலிட்ட தலையை இருபுறமும் திருப்பித் திருப்பிக் காவல் காப்பதைவிட, பந்தொன்றையே நோக்கிப் பாய்வது எளிது என்று ரஹீம் கருதினாரோ என்னவோ! இது நம் ஊகமே.

மறுநாள் அப்பையனின் வீட்டுக்குச் சென்றோம். கத்தியது நம் பிழை என்றோம். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் விட்ட இரண்டு கோல்களைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தான்.

"எந்த மூலையிலிருந்து உதைத்தார்கள், ஃபாதர்? மேற்கு மூலையா?" என்று கேட்டான்.