எந்தப் படம், எந்த நிமிடம்?

மனப்பாடமாகிவிட்ட வசனத்தைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். ஆய்வேடுகளைத் திருத்தியே தலை நரைத்தவனுக்கு வந்த பழக்கம் இது. புத்தகத்திலிருந்து ஒரு வரி எடுத்தால் பிள்ளைகள் ஒழுங்காகப் பக்க எண் போடுகிறார்கள். சினிமா என்று வந்துவிட்டால், 'திருவிளையாடல் படத்தில் வருவதுபோல' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கேட்டால், "ஐயா, அது ஊருக்கே தெரிஞ்ச வசனம்தானே" என்பார்கள்.

ஊருக்கே தெரிந்ததுதான். எப்படித் தெரிந்தது? 1965-இல் வந்த அந்தப் படத்தைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கோயில் கொடையிலும் காதால் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் என் தலைமுறையில் ஏராளம். இசைத்தட்டு, கேசட், வானொலியின் ஒலிச்சித்திரம் எல்லாமே வெட்டிச் சுருக்கியவை. கேசட்டில் கேட்டதை எழுதினால் கேசட் என்றே குறிப்பிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. படம் என்று எழுதினால் படத்தைப் போட்டுப் பாருங்கள்.

பார்த்தால் வேறொரு லாபமும் உண்டு. தருமியாக நடித்தவர் யார் என்றால் எல்லோரும் நாகேஷ் என்பார்கள். நக்கீரர் யார் என்றால் பல பேர் விழிப்பார்கள். அவர் ஏ.பி. நாகராஜன், அந்தப் படத்தின் இயக்குநர். படத்தை ஆக்கியவரே அதற்குள் குற்றம் கண்டுபிடிக்கும் புலவராக வந்து நிற்கிறார்! அடிக்குறிப்புக்காகப் பெயர் தேடப் போன மாணவிக்கு இதிலிருந்தே ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

பராசக்தியில் சிக்கல் வேறு மாதிரி. 1952-இல் வந்த அந்தப் படம் யாருடையது? தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் கலைஞர் வசனம் என்பார்கள், அடுத்து சிவாஜியின் முதல் படம் என்பார்கள். ஏ.பி.ஏ. மேற்கோள் முறைப்படி எழுதினால் நூலாசிரியர் இருக்கும் இடத்தில் இயக்குநர்கள் கிருஷ்ணன்–பஞ்சு வருவார்கள். எம்.எல்.ஏ. முறை (நம்ம ஊர் எம்.எல்.ஏ. இல்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) கொஞ்சம் தாராளம்: பொதுவாகப் படத்தின் பெயரில் தொடங்கச் சொல்லும், ஒருவருடைய பங்கைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்றால் அவர் பெயரை முன்னால் வைக்க விடும். வசனத்தை ஆராய்கிறவர் கருணாநிதியில் தொடங்கலாம், நீதிமன்றக் காட்சியின் நடிப்பை ஆராய்கிறவர் கணேசனில் தொடங்கலாம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. இருநூறு பேர் உழைத்த ஒன்றுக்கு ஒரே ஆளைச் சொந்தக்காரராக்குவது நம் பழைய வியாதி. எந்த முறையானாலும், பக்க எண்ணுக்குப் பதில் மணி, நிமிடம், விநாடி வேண்டும்.

ஆண்டைப் போடாதவர்களோடு மல்லுக்கட்டவே எனக்கு நேரம் சரியாகிவிடும். 'விக்ரம்' என்று மட்டும் எழுதினால் 1986-இல் வந்ததா, 2022-இல் வந்ததா? கமல் நடித்தது என்று விளக்கம் சொல்ல முடியாது, இரண்டிலும் அவர்தான். சின்னத்திரையில் 'சித்தி' என்றால் 1999-இல் தொடங்கியதா, 2020-இல் வந்த இரண்டாவதா? அதுவும் ஆண்டுக்கணக்கில் ஓடிய தொடர். எத்தனையாவது பகுதி, என்றைக்கு ஒளிபரப்பானது என்று சொல்லாமல் 'சித்தியில் காட்டப்படும் பெண்' என்று எழுதினால் யார் போய்ச் சரிபார்ப்பது?

'காளிதாஸ்' பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழின் முதல் பேசும் படம், 1931. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. ஆனாலும் 'காளிதாஸ் படத்தில் டி.பி. ராஜலட்சுமி இப்படித் தோன்றுகிறார்' என்று நேரில் பார்த்தவர் போல எழுதுகிறார்கள். நம் கைக்கு எட்டுவது பாட்டுப் புத்தகங்களும், அன்றைய சுதேசமித்திரன் போன்ற இதழ்களில் வந்த செய்திகளும், பிற்கால ஆய்வாளர்கள் எழுதியவையும்தான். எது கையில் இருக்கிறதோ அதன் பெயரைத்தான் அடிக்குறிப்பில் போட வேண்டும்.

சினிமாவை ஆய்வுக்குரிய பொருளாகப் பலர் மதிக்காத காலத்தில் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக வைத்து நூல் எழுதினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்தார். அன்று ஒரு வசனத்தைச் சரிபார்க்கப் படம் மறுபடி கொட்டகைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இன்று கைப்பேசியில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்கலாம். வசதி கூடக் கூடச் சோம்பலும் கூடுகிறது.

நினைவு நம்மை ஏமாற்றுவதில் இந்த நாடு, அந்த நாடு என்றில்லை. 1942-இன் 'காசாபிளாங்கா'வில் வருவதாக உலகமே சொல்லித் திரியும் ஒரு வசனம் அந்தப் படத்தில் அந்த வார்த்தைகளில் இல்லவே இல்லை. வீட்டுச் சண்டைகளை யோசித்துப் பாருங்கள். "அன்னைக்கு நீங்க இப்படித்தான் சொன்னீங்க" என்று தொடங்குவதில் பாதி இந்த ரகம்தான். அங்கே ஓட்டிப் பார்க்கப் படச்சுருள் இல்லை, அதனால் நான் பெரும்பாலும் ஒத்துக்கொண்டுவிடுவேன்.

பாட்காஸ்ட்தான் இப்போது புதுத் தலைவலி. தொகுப்பாளர் பெயர், அத்தியாயத் தலைப்பு, எண், வெளியான தேதி வரை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். நிமிடம்தான் நிலைக்காது. பல பாட்காஸ்ட்களில் நடுவே வரும் விளம்பரத்தைக் கேட்பவரின் ஊரையும் நாளையும் பொறுத்து மாற்றிப் போடுகிறார்கள். மதுரையில் 14-ஆம் நிமிடத்தில் கேட்ட பேச்சு டொராண்டோவில் 15-க்குத் தள்ளிப்போகலாம். அதனால் நிமிடத்தோடு, எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். எழுத்து வடிவம் கிடைத்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கேட்ட தேதியும் வேண்டும். நியூயார்க் டைம்ஸ் 2018-இல் 'காலிஃபேட்' என்ற ஒலித்தொடரை வெளியிட்டது, அது பீபடி விருதும் வாங்கியது. தொடரின் மையமாக இருந்த மனிதர் சொன்ன கதையை உறுதிசெய்ய முடியவில்லை என்று 2020 டிசம்பரில் அந்தப் பத்திரிகையே அறிவித்து, விருதையும் திருப்பிக் கொடுத்தது. 2019-இல் அதை மேற்கோள் காட்டியவர் கேட்ட தேதியைக் குறித்திருந்தால், அன்றைக்கு எதை நம்பி எழுதினார் என்பது பார்த்தவுடன் புரியும். குறிக்காதவர் வைவாவில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியதுதான்.