முடிகிற கதை

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ரயிலில் எதிர் ஆசனத்துக்காரர், பல் வைத்தியரின் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "டி.வி.யில் பார்க்கிற மாதிரி நல்லதாக ஏதாவது சொல்லுங்களேன், ஸார்!" என் நாவல்களில் எதைப் படிக்கலாம் என்று கேட்பதில்லை. அந்த வருத்தத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நானும் நாலு பெயர் சொல்லுவேன். அடுத்த மாதம் அதே மனிதர் என்னைக் கண்டதும் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்.

வரன் சொல்கிற தரகருக்கும் இதே கதிதான். பிள்ளையும் நல்லவன், பெண்ணும் நல்லவள். ஆனாலும் இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் வசவு தரகருக்கு. என் தப்பு என்னவென்று எனக்கு விளங்கியது போன வருஷம்தான். விளங்க வைத்தவள் என் அத்தை.

அத்தைக்கு எண்பது வயசு தாண்டிவிட்டது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதால், இரண்டு மாசம் எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தாள். முதல் நாளே என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பார்க்கிறதுக்கு நாலு கதை சொல்லு. ஆனா முடியற கதையாச் சொல்லு."

"அதென்ன அத்தை, முடியற கதை?"

"தினம் போடறாங்களே, அது நாலு வருஷம் ஓடுது. அது முடியறதுக்குள்ளே நான் முடிஞ்சு போயிடுவேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யை, எண்ணூற்றுச் சொச்சம் நாட்களையும் விடாமல் பார்த்தவள் அவள். அப்போது அறுபது வயசு, காலம் கையில் இருந்தது. இப்போது கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் 'மால்குடி டேஸ்' போட்டேன். ஆர். கே. நாராயணன் எழுதிய கதைகளை ஷங்கர் நாக் 1986-ல் தூர்தர்ஷனுக்காக எடுத்தது. இல்லாத ஊரான மால்குடியைக் கன்னட நாட்டின் மழைக்காட்டு ஊரான அகும்பேயில் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான கதைகள் அரை மணிக்குள் முடிந்துவிடும். அத்தையின் நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. பேசுகிற பாஷை ஹிந்தி. நான் கல்லூரியை நடுவில் விட்டவன் என்றாலும் ஹிந்தி பிரசார சபையில் 'மத்யமா' வரை பாஸ் செய்தவன். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதில் ஒரு தபால்காரர் வருகிறார். தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம். சித்தப்பா சாகக் கிடக்கிறார் என்ற கடிதமும், பிறகு இறந்துவிட்டார் என்ற தந்தியும் வருகின்றன. கொடுத்தால் கல்யாணம் நின்றுவிடும். அதனால் தாலி ஏறும் வரை தபால்காரர் இரண்டையும் பையிலேயே வைத்துக்கொள்கிறார். 'அடடா, என்ன நல்ல மனுஷன்!' என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அத்தை, "நல்ல மனுஷன்தான். ஆனாலும் கடுதாசி வராம இருக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்றாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்தது ஷியாம் பெனகல் எடுத்த 'பாரத் ஏக் கோஜ்'. நேரு சிறையில் எழுதிய புத்தகத்தை வைத்து 1988-ல் வந்த 53 பகுதிகள். ரோஷன் சேத் நேருவாக வந்து கதை சொல்லுவார். அனைத்தையும் வரிசையாகப் பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாடப் புஸ்தகம் மாதிரி ஆகிவிடும். பிடித்த காலத்தை எடுத்துப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்துக்கு மட்டுமே இரண்டு பகுதி ஒதுக்கியிருக்கிறார் பெனகல். கண்ணகி ஹிந்தியில் நியாயம் கேட்டதைக் கண்டு என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கிறே? எங்க ஊர்ப் பக்கத்துச் சிங்களவங்களும் பத்தினி தெய்யோன்னு அவளைத்தான் கும்பிடுவாங்க. அவங்ககிட்டே அவ சிங்களம் பேசுவா" என்றாள்.

'எங்க ஊர்' என்று அவள் சொன்னது திருச்சிப் பக்கத்துக் கிராமத்தை அல்ல. இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தை. அத்தை அங்கே பிறந்தவள். என் தகப்பனாரைப் படிப்புக்காகச் சின்ன வயசிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார் தாத்தா. அத்தை அங்கேயே வளர்ந்து, தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டாள். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி இந்தியா ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரைப் பெற்றுக்கொள்வது, இலங்கை மூன்று லட்சம் பேரை வைத்துக்கொள்வது. அந்தக் கணக்கில் அத்தையும் மாமாவும் இரண்டு குழந்தைகளும் 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கதை எழுதுகிற பேராசையில் பல தடவை துருவிக் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் எதுக்குத் தம்பி?" என்று அடுக்களைக்குள் போய்விடுவாள்.

மூன்றாவது, தமிழிலேயே ஒன்று. இந்திரா சௌந்தர்ராஜன் கதைக்கு நாகா டைரக்ட் செய்து, 1990-களின் கடைசியில் வந்த 'விடாது கறுப்பு'. ஊர்க் காவல் தெய்வம் ராத்திரியில் குதிரை ஏறி வந்து தண்டிக்கிறதா, இல்லை, மனுஷன் வேலையா என்பது விஷயம். நான் பையனாக இருந்தபோது இதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போக ஆள் துணை தேடியவன். அத்தை சாவதானமாகப் பார்த்தாள். அவள் ஊர்த் தேயிலை ஃபாக்டரியில் சக்கரங்களுக்குக் காவலாக ரோதை முனி என்று ஒரு சாமி உண்டாம். அவரைப் பார்த்தவளைக் கறுப்பு என்ன செய்யும்?

நான்காவதை என் பெண் தேர்ந்தெடுத்தாள். 2023-ல் வந்த 'அயலி', முத்துக்குமார் எடுத்தது, எட்டே பகுதிகள். பெரியவளானதும் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்துவிடுகிற கிராமத்தில், தமிழ்ச்செல்வி என்கிற சிறுமி அந்த விஷயத்தையே ஊருக்கு மறைத்துப் படிக்கிறாள். தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியது. தகப்பன்மார் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

"பாட்டி, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சு."

"ஏன், உங்களையும் நிறுத்திட்டாங்களா?"

"யாரும் நிறுத்தலை, கண்ணு. தோட்டத்துப் பள்ளிக்கூடமே அஞ்சோட நின்னு போச்சு."

ஐந்தாவதாக 'தமஸ்' போட்டேன். இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

பீஷ்ம சாஹ்னியின் ஹிந்தி நாவலைக் கோவிந்த் நிஹலானி 1988-ல் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். மொத்தம் சுமார் ஐந்து மணி நேரம். இதைக் காட்டக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். தடை செய்ய சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. 1947, பஞ்சாப். தோல் வேலை செய்கிற நத்து என்ற ஏழையிடம் பணத்தைக் கொடுத்து ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். மறுநாள் அது மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. பிறகு ஊர் எரிகிறது. நத்துவாக ஓம் பூரி நடித்திருக்கிறார். அந்த முகத்தை மறப்பது கஷ்டம்.

கதையில் கிழ சீக்கியத் தம்பதி ஒன்று உண்டு. டீக்கடையைப் பூட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறார்கள். அந்தக் கிழவராக நடித்தவர் பீஷ்ம சாஹ்னியேதான். ராவல்பிண்டியில் பிறந்து பிரிவினையில் ஊரை இழந்தவர் அவர். ஒரு முஸ்லிம் வீட்டு அம்மாள் இவர்களைப் பரண்மேல் ஒளித்து வைக்கிறாள். கொள்ளைக்குப் போன அந்த வீட்டு ஆண்கள் ஒரு பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். பூட்டு திறக்கவில்லை, உடைக்கப் பார்க்கிறார்கள். அப்போது கிழவரே வந்து, உடைக்க வேண்டாம், இதோ சாவி என்று நீட்டுகிறார். பெட்டி அவருடையது.

"நிறுத்து, தம்பி" என்றாள் அத்தை.

எனக்குத் திக்கென்றது. வயசானவளுக்குக் காட்டுகிற கதையா இது என்று என்னையே நொந்துகொண்டேன். என் மனைவி அடுக்களை வாசலிலிருந்து முறைத்தாள். அத்தை கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"நாங்களும் சாவியைக் கொடுத்துட்டுத்தான் வந்தோம். எங்களை யாரும் அடிக்கலை, கொல்ல வரலை. பொய் சொல்லக் கூடாது. காயிதத்திலே கையெழுத்து வாங்கிட்டு அனுப்பினாங்க. தோட்டத்து ஆபீசிலே வீட்டுச் சாவியை ஒப்படைக்கணும்னாங்க. உங்க மாமா கொண்டு போனாரு. அன்னிக்குக் காலையிலே எழுந்து, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அடுப்பை மெழுகி, வாசல்லே கோலம் போட்டேன். உங்க மாமா, 'பைத்தியமா உனக்கு? யாருக்குடி போடறே?'ன்னாரு. எனக்கும் தெரியலை. வர்றவங்க யாரா இருந்தாலும் வீடு அழுக்கா இருக்கக் கூடாதில்லையா?"

அப்புறம் மண்டபம் காம்ப்பைப் பற்றிச் சொன்னாள். அரசாங்கக் கடனில் பெட்டிக்கடை வைத்ததைச் சொன்னாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் குடும்பம் இலங்கையின் கணக்கிலே விழுந்து அங்கேயே தங்கிவிட்டதாம். மூன்று வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. இருக்கிறாளா, இல்லையா என்று இன்றுவரை தெரியாது. தபால்காரர் கதையின்போது அவள் பாதியில் நிறுத்திய வாக்கியத்தின் மீதி எனக்கு அப்போதுதான் கிடைத்தது.

ஐம்பது வருஷம் நான் உட்பட யார் கேட்டும் வராத பேச்சு, கேட்காதபோது வந்தது. என் கை தானாக மேஜைமேல் இருந்த நோட்டுப் புஸ்தகத்தைத் தேடிற்று. அத்தை அதைக் கவனித்துவிட்டாள்.

"எழுதப் போறியா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "வேண்டாம்னா எழுதலை, அத்தை."

"எழுது. ஆனா அழுதேன்னு எழுதாதே. நான் அழலை" என்றாள். உண்மை, அவள் அழவில்லை. "சரி, போடு. அந்தக் கிழவனும் கிழவியும் தப்பிச்சாங்களா, பார்க்கணும்."

மீதியையும் பார்த்தோம். கதை அகதி முகாமில் முடிகிறது. அங்கே ஒரு குழந்தை பிறக்கிறது. அந்த நேரத்தில்கூட வெளியே கூச்சல் ஓயவில்லை. அத்தை கேட்டபடி முடிகிற கதைதான். ஆனால் விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் அவள் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு கல்யாணப் பந்தியில் யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்லுவதில்லை. "வீட்டில் யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள்?" என்று முதலில் கேட்கிறேன். நல்ல நாடகம் எது என்று சொல்லிவிடலாம். யாருக்கு எது நல்லது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. தனியாகத்தான் பார்க்கப் போகிறேன் என்று சொல்கிறவர்களுக்கு, "தமஸைத் தவிர எதை வேண்டுமானாலும் பாருங்கள்" என்கிறேன்.

அத்தை கால் கூடி ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்து, "அடுத்த தடவை சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவும் முடிகிற கதையாக இருக்க வேண்டுமே!