இடது காலின் வேலை

மேட்டில் நிற்கும் பஸ்ஸைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவது இடது கால். நெரிசலில் அடியடியாக நகர்த்துவதும், கியர் மாறும் அந்த ஒரு நொடி இன்ஜினின் இழுப்பை விலக்கிக் கொடுப்பதும் அதே கால்தான். மேனுவல் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு ஆட்டோமேட்டிக் ஏற்றினால் கிளட்ச் பெடல் போய்விடும், டிரைவரின் காலுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் அது செய்துவந்த வேலைகள் வண்டிக்குள்ளேயேதான் இருக்கின்றன. எண்ணெய், கூலர், ஒயர், பல்சக்கரக் கணக்கு என்று யாராவது அவற்றைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒரகடத்துப் பட்டறை ஒன்றில் நான் கற்றுக்கொண்டு வருவது இந்தப் பங்கீட்டைத்தான்.

எங்கள் ஷெட் ஒரகடம் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் கூடுகிற இடம் அது. சுற்றிலும் பெரிய ஆலைகள். பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-இல் திறந்தது, 2015-இல் அதே வளாகத்தில் பஸ் ஆலையும் வந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்குமான ஆட்டோமேட்டிக் பாக்ஸ் செய்யும் அலிசன் ஆலையும் இங்கே சிப்காட்டுக்குள்தான் இருக்கிறது. ஆலை லைனில் பூட்டுகிறவருக்கு எல்லாம் அளந்து, பொருத்தம் பார்த்து, கைக்கு வந்து சேரும். எங்களிடம் வருவது மேனுவலாகப் பிறந்து, ஓடி, பிறகு வேறு பிழைப்புக்கு மாறிய வண்டி. பெரும்பாலும் கேரவன். செம்பரம்பாக்கம் பக்கம் படப்பிடிப்புக்குப் போகிறவை உண்டு. கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்த பிறகு, பழைய கோச்சை வாங்கி உள்ளே கட்டில், சமையல் மேடை, குளியலறை வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்ற நினைக்கிறவர்களும் வருகிறார்கள். அவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். முழங்கால் தாங்கவில்லை, கிளட்ச் வேண்டாம் என்பார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுக்கும் மேஸ்திரி போக்குவரத்துக் கழக டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு வந்தவன். சேர்ந்த புதிதில் அவர் சொன்னது: “பாக்ஸ மாத்தறது ஒரு நாள் வேலைடா தம்பி. அதைச் சுத்தி இருக்கறத மாத்தறதுதான் மாசக் கணக்கு.”

முதலில் அவர் தொடுவது காகிதத்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி புத்தகம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கோச் கேரவன் ஆனால் இருக்கை எண்ணிக்கை மாறும், எடை மாறும். கேரவனுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தனி விதித் தொகுப்பே இருக்கிறது. ஆர்டிஓ அனுமதியும் தயாரிப்பாளரின் எழுத்தும் இல்லாமல் எங்கள் குழிக்கு மேல் எந்த வண்டியும் ஏறாது. இதனால் கை நழுவிப்போகும் வேலைகள் நிறைய. அதில் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. பத்து டன் எடை மலையிலிருந்து இறங்கும்போது காப்பீடு செல்லுமா செல்லாதா என்ற கேள்வி இருக்கவே கூடாது என்று நானும் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்தது அளவு. இன்ஜினின் பின்முகமும் பாக்ஸின் பெல் ஹவுசிங்கும் ஒரே எஸ்ஏஇ எண்ணில் இருக்க வேண்டும். எஸ்ஏஇ 2 என்றால் உள்வட்டம் 447.68 மில்லிமீட்டர், எஸ்ஏஇ 3 என்றால் 409.58. எண் பொருந்தாவிட்டால் நடுவே அடாப்டர் வளையம் கடைந்து போட வேண்டும், அதற்கேற்பப் பாக்ஸ் பின்னுக்குத் தள்ளிப் போகும். எண் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. கிராங்க்கின் பின்முகத்தில் காந்தக் காலோடு டயல் கேஜை நிறுத்தி, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி, ஹவுசிங் வட்டமும் கிராங்க்கும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முள் ஆடுகிற அளவைத்தான் நான் முதலில் வாசிக்கக் கற்றேன். மேனுவல் பாக்ஸில் இந்தப் பிசகைக் கிளட்ச் பிளேட் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கிளட்சின் இடத்துக்கு வரும், எண்ணெய் வழியாக இழுப்பைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் பொறுக்காது, முன் சீலையும் பம்ப் புஷ்ஷையும் தின்றுவிடும்.

பிளைவீலும் கிளட்சும் வெளியேறிய இடத்தில் பிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய எஃகுத் தட்டு உட்காருகிறது. இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கிய ஸ்பிகாட் பேரிங்குக்கு இனி வேலையில்லை, கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டர் பல் புதிய ரிங் கியரில் சரியான ஆழத்துக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கன்வர்ட்டர். அதைப் பாக்ஸுக்குள் தள்ளும்போது சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். ஸ்டேட்டர் ஸ்ப்லைன், டர்பைன் ஸ்ப்லைன், கடைசியாகப் பம்ப்பை ஓட்டும் காது என்று ஒவ்வொன்றாக விழும். ஒவ்வொரு விழுகையும் உள்ளங்கையில் தெரியும். முழுதாக உட்கார்ந்ததா என்பதை ஸ்கேல் வைத்து ஆழம் அளந்து உறுதி செய்த பிறகே பாக்ஸ் ஜாக்கில் ஏறும். ஹவுசிங் முகங்கள் கைத்தள்ளலிலேயே சேர்ந்துவிட வேண்டும். இடைவெளி இருக்கிறதே என்று போல்ட்டை முடுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும், அது இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் தெரியவரும்.

கணக்குக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கிரவுன் வீல் 37 பல், பினியன் 7 பல் என்றால் பின் அச்சின் விகிதம் 5.29. பழைய ஆறு வேக மேனுவலில் முதல் கியர் 6.70 என்று வைத்துக்கொண்டால், சக்கரத்துக்குப் போகும் மொத்தப் பெருக்கம் 35-க்கு மேல். அலிசன் 2000 வரிசையில் முதல் கியர் 3.10 மட்டுமே. பெருக்கினால் 16.4. பாதிக்கும் குறைவு! இந்தக் கணக்கைப் பார்த்து நான் மலைத்து நிற்க, மேஸ்திரி கன்வர்ட்டரைத் தட்டிக் காட்டினார். வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதற்குள் எண்ணெய் ஸ்டேட்டரில் மோதித் திரும்பி, டார்க்கை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. அப்போது 33-ஐத் தொட்டுவிடுகிறது. விட்ட இடம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. வண்டி வேகமெடுக்க எடுக்க இந்தப் பெருக்கம் கரைந்துகொண்டே போகும், கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்ததும் ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். அதனால் நீண்ட ஏற்றத்தில் மெதுவாக ஏறுகிற வண்டிக்கு அந்த இரண்டு மடங்கை நம்பிப் பின் அச்சைத் தேர்வு செய்யக் கூடாது.

மேல் கியரிலும் கணக்கு உண்டு. சக்கரச் சுற்றளவு 3.2 மீட்டர் என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 417 சுற்று. மேனுவலின் ஆறாவது கியர் 0.73-இல் இன்ஜின் சுமார் 1,610-இல் ஓடியது. ஆட்டோமேட்டிக்கின் ஆறாவது 0.61-இல் 1,345. கேட்க இதமாக இருக்கும். ஆனால் கூரையில் ஏசியும் வயிற்றில் தண்ணீர்த் தொட்டியுமாக எடை கூடிய கேரவன், சின்ன மேம்பாலம் வந்தாலே ஐந்துக்கும் ஆறுக்கும் மாறி மாறித் தடுமாறும். கிரவுன், பினியனையும் மாற்றுவதா, ஆறாவதை ஓட்டுநர் கேட்டால் மட்டும் விழும்படி வைப்பதா என்பதை வண்டி எங்கே ஓடப்போகிறது என்று விசாரித்துத்தான் முடிவு செய்வோம். பெங்களூர் நெடுஞ்சாலைக்கு ஒரு பதில், எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைக்கு வேறு பதில்.

பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் நீளம் கட்டாயம் மாறும். வெட்டி, வெல்டு செய்து, பேலன்ஸ் பார்க்க வெளியே அனுப்புகிறோம். இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், பாக்ஸின் சாய்வும் அச்சின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

ஒயரிங்கில்தான் பல பட்டறைகள் நின்றுவிடுகின்றன. கியர் மாறும் நொடியில் இடது கால் இன்ஜினை விலக்கிக் கொடுத்ததே, அதை இப்போது கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் லைன் செய்கிறது. ‘டார்க்கைக் குறை’ என்று பாக்ஸின் கணினி கேட்க, இன்ஜினின் கணினி குறைத்துக் கொடுக்கிறது. முறுக்கிய இரண்டு ஒயரின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கணினி இல்லாத, டீசல் பம்ப் வைத்த பழைய இன்ஜினில், ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்பதே பாக்ஸுக்குத் தெரியாது. பம்ப் லீவரில் சென்சார் பொருத்தி, ஐடிலையும் முழு மிதிப்பையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் இணைப்பை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

வெப்பம்தான் இந்த வேலையின் உண்மையான பரீட்சை. மேட்டில் கிளட்சைத் தேய்த்து நிறுத்தினால் முன்பு பிளேட் கருகிய வாடை வந்து எச்சரிக்கும். கன்வர்ட்டர் வழுக்கும்போது அதே சக்தி எண்ணெயில் சூடாகச் சேர்கிறது, வாடை வராது. 121 டிகிரிக்கு மேல் சம்ப் எண்ணெயை விடக் கூடாது என்பது அலிசன் வைக்கும் எல்லை. காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் எந்த வண்டியும் தேறிவிடும். அதனால் ஆலைகளில் ஷிஃப்ட் விடும் நேரத்தில், கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் அடைத்துக்கொள்ளும் ஒரகடம் சந்திப்புக்குள் சித்திரை வெயிலில் வண்டியைக் கொண்டுபோவோம். நான் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு டிகிரியை எழுதுவேன். கேரவனுக்கென்றே ஒரு தொல்லை இங்கே வெளிப்பட்டது. ஏசியை ஓட்டும் ஜெனரேட்டர் வெளிவிடும் சூடான காற்று, நாங்கள் வைத்த ஆயில் கூலருக்கு நேராக வீசியது. ஏசி ஓடாதபோது 90-இல் நின்ற எண்ணெய், ஏசி ஓடியதும் ஏறிக்கொண்டே போனது. மேஸ்திரி அதைக் கண்டு, கூலரை அடுத்த பக்கத்துக்கு மாற்றி, தனி ஃபேன் வைத்தார். படுக்கையறையும் கியர்பாக்ஸும் ஒரே வண்டியில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

எதிர்த்திசையிலும் வண்டி வரும். பழைய சொகுசுக் கோச்சில் ஆட்டோமேட்டிக் பழுதாகி, உதிரிப்பாகம் கட்டுப்படியாகாமல் மேனுவல் கேட்பார்கள். பெடல், மாஸ்டர் சிலிண்டர், காற்றால் உதவும் கிளட்ச் பூஸ்டர், பின் இன்ஜின் வரை நீளும் கியர் லிங்கேஜ் எல்லாம் புதிதாகப் பிறக்க வேண்டும். பாக்ஸின் கணினியிடமிருந்து செய்தி வராததால் இன்ஜின் கணினி பவரைக் குறைத்துக்கொண்டு நிற்கும், தயாரிப்பாளரின் மென்பொருளால் அதை மாற்றினால்தான் தீரும். இந்தத் திசையை மேஸ்திரி பெரும்பாலும் மறுத்துவிடுவார். “பழைய பாக்ஸையே பிரிச்சிப் பாப்போம் சார்” என்பார் ஓனரிடம். பல முறை வால்வ் பாடியும் சீலுமே காரணமாக இருக்கும். பிரித்துப் பார்க்காமல் மாற்றச் சொல்வது அவசரம் என்பதே என் கருத்தும்.

வண்டியை ஒப்படைக்கும் அன்று டிரைவருக்கும் பாடம் உண்டு. எண்ணெய் மட்டத்தைச் சூடாக இருக்கும்போது, இன்ஜின் ஓட, சமதரையில் பார்க்க வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது. நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக்கைப் போட்டே ஆக வேண்டும், கியரில் விட்டு நிறுத்தும் பழக்கம் இதில் செல்லாது. தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. வழியில் நின்றால் அப்படியே கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது பம்ப் சுற்றாது, சக்கரம் சுழலச் சுழலப் பாக்ஸ் எண்ணெயில்லாமல் உள்ளே எரிந்துபோகும். ‘இழுக்கும் முன் ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றவும்’ என்று முன் பம்பருக்கு மேலே மஞ்சள் பெயிண்டில் எழுதுவது என் பொறுப்பு. ரெக்கவரி வண்டிக்காரர்கள் எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம் என்பதால் ஹிந்தியிலும் கன்னடத்திலும் எழுதி வைக்கிறேன்.