வண்டி இழுத்த சேதுபதி

பிறந்த குடும்பத்தின் பெருமையை யாராவது என்னிடம் அளவுக்கு மீறிப் பேசினால், பாஸ்கர சேதுபதியின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். இளையவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

1868-இல் இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் பிறந்தவர். 1873-இல் தகப்பனார் முத்துராமலிங்க சேதுபதி காலமானார். பிள்ளை சிறுவன் என்பதால் சமஸ்தானம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு நிர்வாகத்தின் வசம் போனது. சென்னையில் ஆங்கிலக் கல்வி முடித்து, 1889-இல் பட்டத்துக்கு வந்தார். வந்ததிலிருந்து கொடுத்தார். கோயிலுக்கு, புலவர்களுக்கு, படிப்புக்கு, நவராத்திரி விழாவுக்கு என்று கணக்குப் பார்க்காமல் கொடுத்தார். கடன் கழுத்தை நெரித்தது. 1895-இல் சமஸ்தானத்தை மகன் பேருக்கு எழுதி, டிரஸ்டிகளிடம் ஒப்படைக்கும்படி ஆயிற்று.

1897 ஜனவரி 26 அன்று, சிகாகோவில் பேசிப் புகழ்பெற்ற விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் கரையிறங்கினார். அந்தச் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்றவர்களில் பாஸ்கர சேதுபதி முக்கியமானவர். ‘நான் அனுப்பிவைத்த சாமி’ என்று நிமிர்ந்து நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், விவேகானந்தர் ஏறிய வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்ததும் ஜனங்களோடு ஜனமாக அவரும் கை கொடுத்து இழுத்தார். சொத்து கைவிட்டுப் போயிருந்த நேரம் அது. சொத்து போனவனுக்கு மரியாதை ஒன்றுதான் மிச்சம். அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளத்தான் மனசு சொல்லும். அவர் மனசு அப்படிச் சொல்லவில்லை.

அதே 1897-இல்தான் கமுதி ஊர்ச் சம்பவமும் நடந்தது. அங்கே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள், நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் சேதுபதி அவர்கள்மேல் வழக்குப் போட்டார். 1899-இல் தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. பிறகு சமாதானமாகப் போகத்தான் நினைத்தார். ஆனால் வழக்கு அவர் கையை மீறிவிட்டது. 1903-இல், 35 வயதில் அவர் இறந்த பிறகும் நடந்து, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில்தான் முடிந்தது. சாமிக்கு முன்னால் இறங்கிவந்தவர், சாமி கும்பிட வந்தவர்களுக்காக முதலில் இறங்கிவரவில்லை. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. அதனாலேயே இதை மறைக்க மனம் வரவில்லை.

இறங்கிவரும் குணம் அவரோடு முடிந்துவிடவில்லை. அவருடைய பேரன் சண்முக ராஜேஸ்வர சேதுபதி காலத்தில் ஜமீன் முறையே ஒழிந்தது. அவர் முடங்கிவிடவில்லை. முதல் பொதுத்தேர்தலில் இராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்று, தாத்தாவின் குடிகளாக இருந்தவர்களிடமே போய் ஓட்டுக் கேட்டார். ஜெயித்து, ராஜாஜி மந்திரிசபையிலும் பிறகு காமராஜர் மந்திரிசபையிலும் இடம்பெற்றார். 1957-லும் 1962-லும் மறுபடி ஜனங்களிடம் போய் நின்றார். இரண்டு தடவையும் அவர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.