மேற்கே ஒரு மழை, கிழக்கே ஒரு மழை

கும்மிடிப்பூண்டியில் ஜூலை மழை மேற்கிலிருந்து வரும்; நவம்பர் மழை கிழக்கிலிருந்து வரும். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் இதை ஷிப்ட் கணக்கில் சொல்வார்கள். ஆடி, ஆவணி மழை பெரும்பாலும் பொழுது சாயும்போது பிடிக்கும். ஜெனரல் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவரை நனைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும். காலை ஆறு மணி ஷிப்டுக்குச் சைக்கிளை எடுக்கிறவரை நனைக்கும். இரண்டு பருவமழையும் இப்படி நேரம் பிரித்துக்கொண்டு பெய்வது தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. "நம்ம பக்கம் வெயில் காலம் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. வானத்தை நிமிர்ந்து பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது.

தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிடும், கிழக்குச் சமவெளிக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது என்றுதான் பள்ளியில் படித்தோம். கும்மிடிப்பூண்டி இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்துக்கு அது அப்படியே பொருந்தாது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும், நண்பகலுக்குமேல் வங்கக் கடலிலிருந்து உள்ளே நுழையும் ஈரக் காற்றும் இந்தப் பக்கத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. பகலெல்லாம் காய்ந்த தரை காற்றை மேலே தள்ள, திருத்தணி, நகரி, நாகலாபுரம் மலைகளின் பக்கம் இடிமேகம் திரள்கிறது. உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அதைக் கடலை நோக்கி ஓட்டிக்கொண்டு வருகிறது. மாவட்டத்தின் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைக்கிறது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த மேகம் வந்து சேர்வதைச் சிப்காட் சாலையில் நின்று பார்க்க வேண்டும். முதலில் மேற்கே புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் ஈயநிறமாகும். கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று நின்றுபோகும். டீக்கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் பன் ஜாடிகளை உள்ளே நகர்த்திவிட்டு தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டுவார். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையில் திரும்பி அடிக்கும். லாரி கொட்டிய செம்மண்ணும் இரும்புத் தூசியும் முகத்தில் அறையும். அதற்குப் பின்னாலேயே குளிர்ச்சி. பகல் முழுக்கக் கொதித்த தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்த இடத்திலேயே காய்ந்துவிடும். பிறகு ஒரு மணி நேரம் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

உழவர்கள் இந்த இரட்டை மழையை நம்பித்தான் ஆண்டையே வகுத்தார்கள். கோடையில் நட்டு ஆடிவாக்கில் அறுக்கிற சொர்ணவாரி, வடகிழக்கு மழையைக் குடித்து வளர்கிற சம்பா, அந்த மழை ஏரியில் விட்டுச்சென்ற தண்ணீரில் விளைகிற நவரை என மூன்று போகம். பொன்னேரிப் பக்கம் இந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. அவர்களுடைய வேலை வானத்தின் நேரத்துக்கு இசைந்து நடந்தது. 1970களின் கடைசியில் வந்த சிப்காட்டுக்கு ஆண்டின் எல்லா நாளும் ஒரே நாள்தான். கத்திரி வெயிலிலும் அதே ஆறு–இரண்டு, இரண்டு–பத்து, பத்து–ஆறு. என் மனக்குறை இங்கேதான் இருக்கிறது.

மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. கும்மிடிப்பூண்டி பெயர் அந்தப் பட்டியலில் அவ்வளவாக வராது; கடல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கடல் தருவது காற்றோடு சேர்ந்த ஈரத்தையும்தான். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு தணியும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாளில் கடற்காற்று மூன்று மணிவரை உள்ளே வராது. அன்று முதலில் அனலும் பிறகு புழுக்கமும் வந்து சேரும். பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி தயாரிக்கும் ஆலைகள் இங்கே நிறைய. ஃபர்னஸில் உருகிய இரும்பு 1,600 டிகிரியை ஒட்டி இருக்கும். அதன் வாயருகே நின்று கசடு அள்ளுகிற ஒடிசாப் பையன் ஒருவன், தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னான்: "எங்க ஊரு வெயில் இதைவிட ஜாஸ்திண்ணா. அங்க நிழலுக்குப் போனா சரியாயிடும். இங்க நிழல்லயும் வேர்வை நிக்கல." பலாங்கீர் பக்கத்துப் பையன், வெயிலுக்குப் பேர்போன தித்லாகட் இருக்கிற மாவட்டம் அது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் கடலோரத்தில் வெப்ப அலை என்று வானிலைத் துறை சொல்ல, வெப்பம் குறைந்தது 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு திறந்தவெளியில் வைத்த வெப்பமானியின் கணக்கு. தகரக் கூரைக்கு அடியில், ஃபர்னஸ் பக்கத்தில், ஈரக்காற்றில் நிற்கிற உடம்புக்கு வெப்ப அலை என்று யாரும் அறிவிக்காத நாளும் வெப்ப அலைதான்.

ஐப்பசி பிறந்ததும் எல்லாம் திசை மாறும். வாடைக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துவர, இரவில் குளிர்ந்த தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அதைக் கரையோரத்திலேயே மறிக்கிறது. விடியலில் மழை கொட்டுவது அதனால்தான். கொசஸ்தலை ஆறு நிரம்பி, 1944-இல் கட்டிய பூண்டி அணையின் ஷட்டர்கள் திறக்கும். ஆரணியாறு பழவேற்காட்டு ஏரிக்கு வெள்ளம் கொண்டுபோகும். கோடையில் மணல் மூடிய முகத்துவாரத்தை அந்த வெள்ளம்தான் வெட்டித் திறக்கிறது. இறாலுக்கும் மீனவருக்கும் அதுவே வழி. இந்த மழை தவறினால் என்னாகும் என்பதை 2019 காட்டியது. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. மிஞ்சினாலும் துன்பம்தான். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்துப்போனதை மறக்க முடியாது.

தை, மாசி மூடுபனியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சூலூர்பேட்டை ரயில் தாமதமாகும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் எனக்கு வெள்ளத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நனைந்த பழைய இரும்பு. நசுக்கிய டப்பாக்களின் மடிப்பிலும் குழாய்களின் உள்ளேயும் தண்ணீர் தங்கியிருக்கும். அதை அப்படியே ஃபர்னஸில் போட்டால், உருகிய இரும்புக்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் நொடியில் ஆவியாகும்; ஆவி சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். இரும்புக் குழம்பு வெடித்துச் சிதறும். ஃபர்னஸ் மேடையில் நிற்கிறவர்களுக்கு ஓட இடமிருக்காது. இரும்பைக் கூரைக்கடியில் வைப்பதும், சூடாக்கி உலர்த்திப் போடுவதும் தெரியாத வித்தை அல்ல. பல ஆலைகளில் செய்கிறார்கள். செய்யாத ஆலைகளில் கேட்டால், மழை சீசன் வரட்டும் பார்க்கலாம் என்கிறார்கள்.

கத்திரி முடிகிறவரை லோடு ஏற்றுவதையும் கூரைமேல் செய்கிற வேலையையும் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிறுத்திவைக்கலாம். ஃபர்னஸ் ஆட்களை அடிக்கடி மாற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து உப்புப் போட்ட மோர் தரலாம். தொழிற்பேட்டைக்குள் அகப்பட்ட ஏரி வரத்துக் கால்வாய்களை ஆவணிக்குள் தூர் வாரலாம். இரும்புக் குவியலுக்குக் கூரை போட மட்டும் ஐப்பசியை எதிர்பார்த்திருக்கக் கூடாது. அதை நனைக்க ஆடி மாதத்து ஒரு சாயங்கால மழையே போதும்.