கருஞ்சுருட்டின் வயது

'செரூட்' என்று ஆங்கில அகராதியில் வீற்றிருக்கும் சொல் நம்முடைய சுருட்டுதான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கொண்டு குற்றவாளியின் தடம் பிடிக்கும் துப்பறிவாளரைக் கோனன் டாயில் 1887-இலேயே தம் முதல் ஹோம்ஸ் புதினத்தில் நடமாட விட்டார். ஆயினும் நாம் பேச வந்தது உறையூர்ச் சுருட்டைப் பற்றியன்று. கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் பகுதியிலும் விளையும் தடித்த இலையை மேலுறையாகச் சுற்றிய கருஞ்சுருட்டைப் பற்றி. 'மதுரோ' என்பார்கள். ஸ்பானிய மொழியில் 'கனிந்தது' என்று பொருள். புகையே பிடிக்காத தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். அண்ணன் வைத்த வேலை.

முதலில் அந்தக் கருமை. அது சாயமன்று, நல்ல சுருட்டில் சாயமாக இருக்கக் கூடாது. கனெக்டிகட்டின் 'பிராட்லீஃப்' வகையை இலை இலையாகக் கிள்ளுவதில்லை. செடியைத் தண்டோடு வெட்டிக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பிறகு இலைகளை ஈரப்படுத்திப் பெருங்குவியலாக அடுக்கினால் உள்ளே தானாகவே சூடு ஏறும். அம்மோனியா நெடி கிளம்பும். சூடு மீறும்முன் குவியலைப் பிரித்து, உள்ளிருப்பதை வெளியிலும் வெளியிலிருப்பதை உள்ளிலுமாக மாற்றி அடுக்குவார்கள். மெல்லிய இலை இந்தப் பாட்டைத் தாங்காமல் கிழிந்துவிடும். தடித்த இலையோ நீண்ட நாள், கூடுதல் சூட்டில் வெந்து கறுக்கிறது. ஆகவே, கடைக்கு வரும்போதே கருஞ்சுருட்டு ஒரு முதுமையைக் கண்டுவிட்டதுதான். கறுப்பாக இருப்பதால் காட்டமாக இருக்கும் என்று எண்ணுவது பிழை. காட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே நிரப்பப்பட்ட இலை. அதிலும் செடியின் உச்சியில் வெயில் குடித்து வளர்ந்த இலை.

அண்ணன் சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்தவர். 2011-இல் 24 சுருட்டுகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி வந்தார்: உள்ளே நிகராகுவா இலை, மேலே கனெக்டிகட் இலை. ஆண்டுக்கு இரண்டு என்று கணக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் கோடு போட்ட நோட்டில் குறிப்பெழுதினார். 2012-இல் மிளகுக் கார்ப்பு முன்னே நிற்கிறது; நாவின் ஓரங்களில் துவர்ப்பு. 2014-இல் துவர்ப்பு தேய்ந்து கருப்பட்டியும் வறுத்த காப்பிக்கொட்டையும் வந்துவிடுகின்றன. 2015-க்கு நேரே மூன்று கோடுகள் மட்டும், சொல் இல்லை. 2018-இல் எழுதியிருப்பது: "இனிப்பு இருக்கு. ஆளைக் காணோம்."

இந்த நோட்டைப் படித்தபோது நமக்கு ஒன்று தோன்றியது. துவர்ப்பை ஒரு சுவையாகவே எண்ணி ஆறில் வைத்த மொழியில் பிறந்தவர், ஆங்கிலச் சுருட்டு நூல்கள் 'வறட்சி' என்றும் 'டேனின்' என்றும் தடுமாறும் இடத்தை ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்.

கருஞ்சுருட்டை மேலும் முதிரவிடுவதால் பயனுண்டா என்பதில் புகைப்போரிடையே இன்றும் வழக்கு உண்டு. குவியலிலேயே வேண்டியதெல்லாம் நிகழ்ந்துவிட்டது என்பது ஒரு கட்சி. எஞ்சிய அம்மோனியா அகல, உள்ளிலையும் மேலிலையும் ஒன்றோடொன்று இசைய ஆண்டுகள் வேண்டும் என்பது மறு கட்சி. பட்ரோன் நிறுவனம் 1994-இல் தொடங்கிய '1964' வரிசைக்கு, சுற்றுமுன்னரே இலையை நான்காண்டு முதிர வைக்கிறது. அத்தகைய சுருட்டை வாங்கி மேலும் பத்தாண்டு பூட்டி வைப்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ! 1962-இல் கியூபாவின் மேல் வணிகத்தடை விதிக்கும்முன் கென்னடி தம் செயலாளர் சாலிஞ்சரை அனுப்பி 1200 கியூபச் சுருட்டுகளை வாங்கிக்கொண்டார் என்பது சாலிஞ்சரே சொன்ன கதை. தடைக்கு முந்தைய சுருட்டுகளை இன்று பெருவிலை கொடுத்து வாங்குவோர் சுவைக்கன்று, வரலாற்றுக்கே விலை கொடுக்கிறார்கள் என்பது நம் துணிபு. அண்ணனின் நோட்டை நம்பினால் மூன்று முதல் ஐந்தாண்டு வரை ஏற்றம், அப்பால் இறக்கம்.

திருச்சி வெயிலில் இதைக் காப்பது தனிப்பாடு. ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு, வெப்பம் 20 பாகையை ஒட்டி. 25-ஐத் தாண்டினால் இலைக்குள் உறங்கும் புகையிலை வண்டின் முட்டைகள் விழித்துக்கொள்ளலாம். பெட்டியின் உட்புறம் 'ஸ்பானிய சிடார்' பலகை. பெயர்தான் சிடார், மரமோ நம் வேம்பின் குடும்பம்.

2019-இல் அண்ணனுக்குக் குரல்வளையை அகற்றினார்கள். ஆண்டுக்கு இரண்டு என்பது நோட்டின் கணக்கு. எஞ்சின் அறையில் பிடித்த சிகரெட்டுகளுக்குக் கணக்கில்லை. முதிர்ச்சி நெடியையும் கடுப்பையும் குறைக்குமேயன்றிப் புற்றை விளைக்கும் நஞ்சைப் போக்காது. அந்த நஞ்சில் ஒரு பகுதி, இலை உலர்ந்து நொதிக்கும்போதே உண்டாவது. மென்மையான புகை நெஞ்சுக்கும் மென்மை என்று அண்ணன் நெடுநாள் நம்பியிருந்தார்.

இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்துத் துளை வழியாக. காற்று மூக்கைத் தொடுவதில்லை. ஆகவே மணமும் இல்லை. பெட்டியில் எட்டு எஞ்சியிருந்தன. எறிந்துவிடலாம் என்றதற்குத் தலையசைத்து மறுத்தார். தை பிறந்ததும் பெட்டியை நம் முன்னே வைத்துத் தாளில் எழுதிக் காட்டினார்: "பாப்பா, மோந்து பாத்துச் சொல்லு. கருப்பட்டி இருக்கா?"

கொளுத்தாத சுருட்டை முகர்ந்து நோட்டில் எழுதுவது அன்று தொடங்கியது. அண்ணி இதை அறவே விரும்பவில்லை. பெட்டி திறக்கும் நாளில் கோயிலுக்குப் போய்விடுவார். இந்தத் தையில் நாம் எழுதியது: புளியம்பழத்து ஓடு, பழைய மரப்பெட்டி, சிறிது தோல். கருப்பட்டி தெரியவில்லை.

அண்ணன் இருமுறை படித்தார். "அடியில இருக்கிறதப் பாரு" என்று எழுதிவிட்டு, எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, கீழ்வரிசையை மேலே மாற்றி அடுக்கத் தொடங்கினார்.